எட்டில் பாதி

இறக்கை மல்லாந்து கிடந்தது. திரைச்சீலைத் துணிகளை விரித்து வெட்டுகிற நீண்ட மேசையில், இன்னும் கத்திரி படாத பழுப்புத் துணியின் மேல், ஏழடி நீளத்துக்கு இரண்டு கையையும் விரித்துத் தூங்குகிற ஆளைப் போல.

மேசை அவளுடையது. வீட்டின் முன்னறைதான் அவளுக்குத் தையற்கூடம். ஊரார் ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுப்பது இருபது வருடத் தொழில். இறக்கை அவள் கணவர் ரிமோட்டில் பறக்கவிடும் சின்ன விமானத்தினுடையது. அவர் தராசுகளைப் பழுது பார்ப்பவர். மருந்துக் கடையோ தபால் நிலையமோ, எங்கே எடை பிசகினாலும் அவரைக் கூப்பிடுவார்கள். போய் உட்காருவார், முள்ளை நேராக்குவார், நாலு வார்த்தைக்கு மேல் பேசாமல் திரும்பி வருவார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் மட்டும், ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மைதானத்தில் நிற்கும்போது, அவர் முகம் யாருடனோ நிறையப் பேசிக்கொண்டிருப்பதைப் போல இருக்கும். அந்த முகத்துக்காகவே அவள் இத்தனை வருடம் கூடப் போய் வந்தாள்.

இப்போது அந்த இறக்கையின் பின்விளிம்பில் இரண்டு பட்டைகளை அறுத்தெடுத்து, கீல் வைத்து, மறுபடி பொருத்தியிருந்தார்கள். அதற்கு ஃப்ளாப் என்று பெயர். இறங்கும் நேரத்தில் அவை இரண்டும் கீழே மடங்கினால் விமானம் காற்றில் கொஞ்சம் உட்கார்ந்துகொள்ளும். வேகம் குறையும், ஆனால் விழாது. நீண்ட ஓடுபாதை தேவைப்படாது.

தேவை மைதானத்தால் வந்தது. பக்கத்து குடோன்காரர்கள் நடுவில் கம்பி வேலி போட்டுவிட்டார்கள். பாதி நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. மிச்சமிருந்த பாதியில் இந்த விமானம் பழைய வேகத்தில் இறங்கினால் ஓடி முடிக்க இடம் போதாது. அவர் சொன்ன காரணம் இதுதான். இன்னொரு காரணத்தை அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

“ஸ்விட்சைப் போடு,” என்றார்.

அவள் ரிமோட்டின் மூன்று நிலை ஸ்விட்சை ஒரு படி தள்ளினாள். இறக்கைக்குள் இருந்த இரண்டு குட்டி செர்வோ மோட்டார்களும் முனகின. ஒரு பட்டை இறங்கியது. மற்றது ஏறியது.

“ஒண்ணு சரிங்குது, ஒண்ணு மாட்டேங்குது. நம்ம கல்யாண ஆல்பத்தைப் பார்க்கற மாதிரி இருக்கு.”

அவர் உதட்டோரம் சிரிப்பு வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. “ரெண்டு செர்வோவையும் எதிரும் புதிருமா உக்கார வெச்சிருக்கோம்ல. அதுங்களுக்கு அப்படித்தான் தெரியும். ஒண்ணைத் திருப்பிப் போடு.”

ரிமோட்டின் சின்னத் திரையில் பொடி எழுத்தில் ஓடும் பட்டியல்களைப் படிப்பது ஆறு மாதமாக அவள் வேலை. தேடி, திருப்பிப் போட்டாள். இப்போது இரண்டும் சேர்ந்து இறங்கின. அவர் ஓர் அட்டைத் துண்டை வைத்துக் கோணம் பார்த்தார். திரையின் கொசுவத்துக்கு அளவு எடுக்க அவள் வெட்டி வைத்திருந்த அதே அட்டை.

“இடது பக்கம் அரை நூல் கூட இறங்குது.”

“அரை நூல்தானே. என் தையல்ல அதெல்லாம் மடிப்புக்குள்ள போயிடும்.”

“இதுல மடிப்பு இல்லம்மா. ஒரு பக்கம் கூட இறங்கினா ஆளையே புரட்டிடும்.”

அரை நூலைக் குறைத்தாள். பிறகு நடுநிலைக்கு ஒரு அளவு, முழுநிலைக்கு ஒரு அளவு. விமானத்தின் மூக்கில் எடை போதவில்லை என்றதும், திரையின் அடிவிளிம்பில் வைத்துத் தைக்கிற ஈயக் குண்டுகளில் ஆறு எடுத்துக் கொடுத்தாள். அவர் அவற்றைத் தன் சின்னத் தராசில் வைத்துப் பார்த்து ஒன்றைத் திருப்பிக் கொடுத்தார். கடைசியில் வேகம். ஸ்விட்சைத் தட்டியதும் பட்டைகள் படக்கென்று விழக் கூடாது, இரண்டு விநாடி எடுத்துக்கொண்டு வரவேண்டும். அவள் அதையும் போட்டாள். இரண்டு பட்டைகளும் மெதுவாக, சத்தமே இல்லாமல் மடங்கின.

“அழகா இருக்குல்ல? திரை இறங்கற மாதிரி,” என்றாள்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. அவர் திருப்புளியை டப்பாவில் வைத்தார். ஜன்னலில் தொங்கிய மாதிரித் திரைகள் காற்றில் ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு விட்டன.

ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், இதே அறையில், அவர் அப்படித்தான் சொன்னார். இடது கண்ணில் ஓரமாகத் திரை இறங்குவது போல இருக்கிறது என்று. அவள் வாயில் ஊசி, மடியில் துணி. சிரித்துவிட்டாள். துணி நல்லதா, கொசுவம் சரியா விழுந்திருக்கா என்று கேட்டாள். மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பாதிக் கண் போயிருந்தது. “நேத்தே வந்திருந்தா…” என்று ஆரம்பித்த டாக்டர் அதை முடிக்கவில்லை. முடிக்காத அந்த வாக்கியம் அவர்களோடு வீட்டுக்கு வந்து, மூன்றாவது ஆளைப் போல அறைகளில் நடமாடிக்கொண்டிருந்தது. கண் திரும்பவில்லை.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். எட்ட இருக்கிற பொருளைப் பார்க்க ஒரு கண்ணே போதும், விமானம் விடுவதற்கு ஒரு தடையும் இல்லை, கண்ணைவிட சந்தேகம்தான் தொந்தரவு செய்யும். அது பலித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் இறக்கிய முதல் விமானம், தரை இன்னும் கீழே இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கும்போதே தரையில் மோதி முதுகொடிந்தது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: “இன்னும் ஒண்ணு. அதையும் நான் சரியா இறக்கலைன்னா ரிமோட்டை ரொட்டிக்குக் குடுத்துடறேன்.”

அந்த இன்னும் ஒன்றுதான் மேசையில் மல்லாந்து கிடந்தது.

ரொட்டி என்பது பேக்கரிக்காரர். அடுப்பு வேலை முடிந்து நேராக மைதானத்துக்கு வருவார். புருவத்தில் எப்போதும் மாவு. அவர் பேசுவதைப் பாதியாகக் குறைத்து அவள் கணவருக்குக் கொடுத்தால் இரண்டு பேரும் சராசரி மனிதர்கள் ஆகிவிடுவார்கள்.

முதல் ஞாயிறு ஃப்ளாப்பை உயரத்தில் வைத்துப் பார்ப்பதோடு சரி என்று அவள் கணவர் முன்பே சொல்லிவிட்டார். விமானம் மேலே போய், வெளிர்நீலத்தில் ஒரு கிழிசல் போலச் சின்னதாகி, வேகம் குறைத்து நேராக வந்தது. ஸ்விட்சைத் தட்டினார். அவ்வளவுதான், மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறியது. கனவில் படியேறுகிறவன் மேல்படி தீர்ந்த பிறகும் ஏறுவது போல, ஒன்றுமில்லாததில் ஏறிக்கொண்டே போய்த் திணறி நின்றது. அவர் வலது கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியை முன்னால் தள்ளியது. மூக்கு தணிந்தது.

“அப்படித்தாண்ணே பண்ணும்,” என்றார் பேக்கரிக்காரர். “இறக்கை மேல இருக்கற ஜாதி எல்லாம் இப்படித்தான். ஃப்ளாப் போட்டா சாமி வந்துடும். தலையில கை வெச்சு அமுக்கணும்.”

அவள் கணவர் மூன்று முறை போட்டுப் பார்த்தார், மூன்று முறையும் கட்டைவிரலால் அமுக்கினார். பிறகு ரிமோட்டைக் கழற்றி நீட்டினார். “இன்னிக்கு நீ இறக்கு. அடுத்த வாரம் நான்.”

பேக்கரிக்காரர் வாங்கிக்கொண்டார். அவர் இறக்கியபோது அவள் கணவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரம் அவர் வீட்டில் இன்னும் குறைவாகப் பேசினார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, நல்ல கண்ணையும் மூடிக்கொண்டு, நாற்காலிக் கையில் கை வைத்திருப்பார். அவள் தையல் எந்திரத்தின் மறுபக்கத்திலிருந்து பார்த்தாள். வலது கட்டைவிரல் மட்டும் அசைந்தது. மெல்ல முன்னால் போகும், அங்கேயே நிற்கும், திரும்பி வரும். சாப்பாட்டு மேசையில் தண்ணீர் டம்ளர் மேலும் அதே அசைவு. தூக்கத்தில் போர்வை விளிம்பிலும். பயத்தில் ஆடுகிறது என்று நினைத்தாள். ஒரு கண்ணை வைத்துக்கொண்டு வேலியையும் தரையையும் வேகத்தையும் பார்க்கவேண்டிய மனிதர், இந்த மூக்கையும் சேர்த்துப் பிடிக்கவேண்டுமா என்று இருந்தது.

புதன்கிழமை ரொட்டி வாங்கப் போனபோது பேக்கரிக்காரரிடம் கேட்டாள்.

“அது ரிமோட்லயே போட்டுடலாம் அண்ணி. ஃப்ளாப் இறங்கும்போது வால் தட்டும் தானா கொஞ்சம் இறங்கற மாதிரி. மூக்கு ஏறவே ஏறாது. மிக்ஸிங்னு இருக்கும் பாருங்க. எட்டு சதவீதம் போடுங்க, போதும்.”

“அவர் ஏன் போடலை?”

“அண்ணன் பழைய ஆளு. எல்லாத்தையும் தன் விரல்லயே வெச்சுக்கணும்.” தட்டைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “சொல்லிட்டுப் போடுங்க அண்ணி.”

“சொல்லிடறேன்.”

சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார். அல்லது ஒன்றுமே சொல்லாமல் நாற்காலிக்குப் போய்விடுவார், அது அதைவிட மோசம். வியாழக்கிழமை மதியம் அவர் தபால் நிலையத்துத் தராசைப் பார்க்கப் போயிருந்தார். அறைக்குள் எல்லா மாதிரித் திரைகளும் இழுத்துவிட்டிருந்தன. வெயில் துணி வழியே வந்து, அறை பழுப்பும் நீலமுமான தண்ணீருக்கடியில் இருப்பது போல இருந்தது. விமானத்தை மேசையில் முழுதாகப் பூட்டி, பட்டியலைத் தேடி, எட்டு என்று போட்டாள். ஸ்விட்சைத் தள்ளினாள். பட்டைகள் இரண்டு விநாடியில் இறங்கின. அதே இரண்டு விநாடியில் வாலில் இருந்த தட்டும், கேட்டதற்குத் தலையசைப்பது போல, கொஞ்சமே கொஞ்சம் கீழே சாய்ந்தது.

ஸ்விட்சைத் திருப்பிப் போட்டு ரிமோட்டை அணைத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் வாயில் ஊசியோடு செய்திருக்க வேண்டிய ஏதோ ஒன்றை இப்போதுதான் செய்து முடித்ததாகத் தோன்றியது.

ஞாயிறு காலை மைதானத்தில் காற்று அதிகமில்லை. வேலிக்கம்பியில் பனித்துளிகள் வரிசையாகத் தொங்கின. கிளப்புவதற்கு முன் எல்லாவற்றையும் அசைத்துப் பார்ப்பது வழக்கம். அவர் இறக்கைப் பக்கம் நிற்பார். விமானம் ஓடிவிடாமல் அவள் வாலைப் பிடித்துக்கொண்டு குந்துவாள். அன்றும் அப்படித்தான். அவர் ஃப்ளாப்பைப் போட்டு இடது பட்டையையும் வலது பட்டையையும் குனிந்து பார்த்தார். வால் தட்டு அவள் விரல்களுக்கிடையில் மெல்ல அசைந்தது. அவள் உடம்பு அதை மறைத்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்கூடச் சொல்லியிருக்கலாம்.

“சரியா இருக்கு,” என்றார்.

“ம்,” என்றாள்.

விமானம் கிளம்பி இரண்டு வட்டம் போயிற்று. அவர் முகத்தில் அந்தப் பேச்சு வந்துவிட்டது. ஆறு மாதமாக அவள் காணாதது. விமானம் மைதானத்தின் கோடியில் திரும்பி, வேலிக்கு அப்பால் தாழ்ந்து, நேராக இவர்களை நோக்கி வர ஆரம்பித்தது. பாதி ஃப்ளாப். லேசாகக் குனிந்தது, எதிர்க்காற்று என்று நினைத்திருப்பார். முழு ஃப்ளாப்.

அவர் கட்டைவிரல் முன்னால் போயிற்று. மெல்ல முன்னால் போய், அங்கேயே நின்றது.

நாற்காலிக் கை, தண்ணீர் டம்ளர், போர்வை விளிம்பு. அவளுக்கு எல்லாம் அப்போதுதான் புரிந்தது. ஒரு வாரமாக அந்த விரல் பயத்தில் ஆடவில்லை. பாடம் படித்திருக்கிறது. மூக்கு எவ்வளவு ஏறும், எவ்வளவு அமுக்கவேண்டும் என்று மனப்பாடம் செய்திருக்கிறது. ஏறாத மூக்கை அவரும் அமுக்கினார், அவளுடைய எட்டும் அமுக்கியது.

விமானம் வேலியைப் பார்த்துத் தலைகுப்புறச் சரிந்தது. அவர் குச்சியை இழுத்து மோட்டாரை முழுக்கத் திறந்தார். சக்கரம் கம்பியில் உரசி டிங்கென்று ஒரு சத்தம். பனித்துளிகள் எல்லாம் ஒரே நேரத்தில் உதிர்ந்தன. விமானம் அவர்கள் தலைக்கு மேல் அலறிக்கொண்டு மேலேறிப் போயிற்று.

அவர் ஃப்ளாப்பை மேலே எடுத்தார். விமானத்தை உயரத்தில் ஒரு வட்டத்தில் வைத்தார். முகம் யாரோ விளக்கை அணைத்துவிட்டுப் போன அறை போல இருந்தது.

“கண்ணு ஏமாத்திடுச்சு,” என்றார், சாதாரணமாக. “மூக்கு ஏறினதாத்தான் நினைச்சேன். ஏறவே இல்லை போலிருக்கு. ரொட்டி, இந்தா. நீ இறக்கு. இனிமே நீயே வெச்சுக்கோ.”

பேக்கரிக்காரர் ரிமோட்டை வாங்கவில்லை. அவளைப் பார்த்தார்.

ரிமோட் பெண் குரலில் பேசியது: இரண்டு நிமிடம். பேட்டரி அவ்வளவுதான் என்று அர்த்தம். அந்தக் குரலுக்குப் பேக்கரிக்காரர் சின்ன அண்ணி என்று பெயர் வைத்திருந்தார். இன்றைக்கு அந்த வேடிக்கையையும் அவர் சொல்லவில்லை.

“கண்ணு இல்லைங்க,” என்றாள் அவள். “நான்தான்.”

அவர் விமானத்திலிருந்து பார்வையை எடுக்கவில்லை. “என்ன?”

“வியாழக்கிழமை மிக்ஸிங் போட்டேன். ஃப்ளாப் இறங்கினா வாலும் இறங்கற மாதிரி. உங்களுக்குச் சுமை குறையட்டும்னு. நீங்க விரல்ல பழகிட்டிருந்தது எனக்குத் தெரியலை. பயத்துல ஆடுதுன்னு நினைச்சேன்.” நிறுத்தினாள். நிறுத்தினால் முடிக்க முடியாது என்று தெரிந்தது. “உங்க கண்ணு சரியாத்தான் பார்த்துது. நீங்களும் அமுக்கினீங்க, நானும் அமுக்கிட்டேன்.”

விமானம் முழுதாக ஒரு சுற்று போயிற்று. அதன் நிழல் புல்லின் மேல் வந்து, மூன்று பேரின் கால்களையும் தொட்டுவிட்டுப் போயிற்று.

“எவ்வளவு போட்டே?”

“எட்டு.”

“யார் சொன்னா எட்டு?”

“நான்தாண்ணே,” என்றார் பேக்கரிக்காரர், மிகச் சின்னக் குரலில். “சொல்லிட்டுப் போடச் சொன்னேன்.”

“இப்ப எடுக்க முடியுமா?”

“முடியாதுங்க. அதுக்குத் தனியா ஸ்விட்ச் வைக்கலை. பட்டியலுக்குள்ள போகணும். பறக்கும்போது அதுல கை வைக்கக்கூடாது,” என்றாள்.

ஃப்ளாப் போடாமல் இறங்கினால் இந்தப் பாதி மைதானம் போதாது. போட்டால் அவளுடைய எட்டும் கூடவே வரும். இது மூவருக்கும் தெரியும்.

“அப்ப என் விரலை என்ன பண்றது?”

“சும்மா வைங்க.”

அவர் மூச்சை விட்டார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். “அதைத்தான் பழகலை.”

ரிமோட்டை மறுபடி கழுத்தில் சரியாக மாட்டிக்கொண்டார். ஒரு நிமிடம் என்றது பெண் குரல். விமானம் கோடியில் திரும்பியது. தாழ்ந்தது. பாதி ஃப்ளாப். கட்டைவிரல் குச்சியின் மேல் இருந்தது, அசையவில்லை. முழு ஃப்ளாப். அந்த விரலின் நகம் வெளுப்பதை அவள் பார்த்தாள். ஒரு வாரப் பாடம் முழுக்க முன்னால் போகத் துடித்து, அங்கேயே நின்றது. மூக்கு ஏறவில்லை. சரியவும் இல்லை. யாரோ உள்ளங்கையில் தாங்கிக் கொண்டுவருவது போல, விமானம் சமமாக, நம்ப முடியாத மெதுவோடு வேலிக்கு மேல் வந்தது. அவளுக்கு மைதானமே கொஞ்சம் மிதப்பது போலிருந்தது. சத்தங்கள் எல்லாம் துணியில் சுற்றி வைத்தது போல எங்கோ இருந்தன.

உயரம் சொல்லலாமா என்று வாயெடுத்தாள். சொல்லவில்லை. அது அவர் கண், அவர் தரை.

கடைசி இரண்டு முழ உயரத்தில் விரல் தானாகப் பின்னால் வந்தது, துளியளவு. அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சக்கரங்கள் புல்லைத் தொட்ட சத்தம்கூடக் கேட்கவில்லை. விமானம் பன்னிரண்டு அடி உருண்டு, களைத்த ஆள் பெஞ்சில் உட்காருவது போல நின்றது.

பேக்கரிக்காரர்தான் முதலில் பேசினார். “நான் போய் எடுத்துட்டு வரேன். என்னை இங்க நிக்க வைக்காதீங்க, ரெண்டு பேரும் சேர்ந்து என்னைத்தான் திட்டுவீங்க.” நடந்து போனார்.

அவர்கள் இருவரும் நின்றார்கள். வேலிக்கம்பியில் ஒரு துளிகூட இல்லை.

“அன்னிக்கு சிரிச்சுட்டேன்ல,” என்றாள். “அதை எதாவது பண்ணிச் சரிக்கட்டணும்னே இருந்தேன்.”

அவர் யோசித்தார். “நானும்தான் சிரிச்சேன்.”

“நீங்களா?”

“கொசுவம் சரியா விழுந்திருக்கான்னு கேட்டியே. சிரிக்காம என்ன பண்றது.” அவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். நல்ல கண் அவளைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதெல்லாம் முழு முகத்தையும் திருப்ப வேண்டியிருந்தது. “ஆனா இனிமே என் விமானத்துல எதைத் தொட்டாலும் சொல்லிட்டுத் தொடு.”

“சொல்றேன்.”

“ரொட்டிகிட்ட சொன்ன மாதிரி இல்ல.”

“இல்லை. நிஜமா.”

பேக்கரிக்காரர் விமானத்தைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்து புல்லில் வைத்தார். சக்கரத்தில் கம்பி உரசிய கோடு ஒன்று இருந்தது. மற்றபடி ஒரு கீறல் இல்லை. அவள் கணவர் குந்தி உட்கார்ந்து பேட்டரியை மாற்றினார். பிறகு, இத்தனை வருட வழக்கத்தில் இல்லாதபடி, ரிமோட்டைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டினார்.

“எட்டு வேண்டாம். நாலு போடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.”

அவள் பட்டியலைத் தேடி, நான்கு போட்டாள். அவர் விமானத்தின் பின்பக்கம் போய், அவள் எப்போதும் குந்துகிற இடத்தில் குந்தி, வாலைப் பிடித்துக்கொண்டார்.

“போடு.”

ஸ்விட்சைத் தள்ளினாள். பட்டைகள் இறங்கின, இரண்டு விநாடி. அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வால் தட்டு அவர் விரல்களுக்கிடையில் அசைந்திருக்க வேண்டும். முகம் அதைக் காது கொடுத்துக் கேட்பது போல இருந்தது.

“இன்னொரு தடவை,” என்றார்.